ராத்திரி விழித்த அடுப்பும் தானே எரியும் அடுப்பும்

1998-ல் நான் ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் குடியேறியபோது, கறியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பை யாரும் கடை கடையாகப் பார்த்து வாங்கியதாக நினைவில்லை. அது எப்படியோ வீடு வந்து சேர்ந்திருக்கும். மாமனார் ஊர் மாறும்போது விட்டுப்போனது, எண்ணெய்க் கிணற்றில் வேலைபார்க்கும் மச்சினன் கழித்துப்போட்ட குழாயை அறுத்து ஒட்டிக் கொடுத்தது, பழைய புரொப்பேன் தொட்டியைப் படுக்கவைத்துக் கதவு வெட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருடையது புரொப்பேன் தொட்டி. கால் அங்குலக் கனத்தில் இரும்பு. ஒரு கோடியில் தீயறை, மறுகோடியில் புகைபோக்கி, நடுவில் கறி. இந்த வகையை ஆஃப்செட் என்பார்கள். அதைச் செய்தது யார் என்று கேட்டேன். தன் கையைத்தான் காட்டினார். ரயில்வேயில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வெள்ளிக்கிழமை இரவே தீ மூட்டுவார். பிரிஸ்கெட் என்கிற மாட்டின் நெஞ்சுக்கறிக்கு 12 மணி நேரம், சில சமயம் 14 மணி நேரம் பிடிக்கும். மசாலா என்றால் உப்பும் மிளகும்தான். விறகு போஸ்ட் ஓக் மரம், பிளந்து ஒரு வருஷம் காயவிட்டது. முக்கால் மணிக்கு ஒரு கட்டை போடவேண்டும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நான் வேலியைச் சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். பேச்சு அதிகம் இருக்காது. தீயைப் பார்ப்பதுதான் வேலை.

தீயறையின் தலையில் ஒரு தட்டையான இரும்புத் தகட்டை ஒட்டியிருந்தார். அடுத்துப் போடவேண்டிய கட்டை எப்போதும் அதன்மேல் சூடேறிக்கொண்டிருக்கும். குளிர்ந்த கட்டையை உள்ளே போட்டால் பற்றுவதற்குள் சில நிமிடம் கெட்டியான வெள்ளைப் புகையைக் கக்கும். அது முழுதாக எரியாத புகை, கறியில் படிந்தால் கசக்கும். சூடேறிய கட்டையோ உள்ளே போனதுமே பற்றிக்கொள்ளும். அப்போது புகைபோக்கியில் வருவது தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற மெல்லிய நீலப் புகை. "வெள்ளையா வந்தா எந்திரிச்சு நில்லு, நீலமா வந்தா உக்காரு" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். புகைபோக்கியின் மூடியை அவர் ஒருநாளும் சாத்தியதில்லை. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் தீயறைக் கதவின் இடுக்கை விரல் அளவு நகர்த்துவார், அவ்வளவுதான்.

நடுராத்திரி கடந்து ஒரு கட்டத்தில் கறி அப்படியே நின்றுவிடும். உள்சூடு 150, 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 65, 70 டிகிரி செல்சியஸ் வரை மளமளவென்று ஏறிவிட்டு, அப்புறம் மணிக்கணக்கில் அசையாது. கறியின் மேலே கசியும் ஈரம் ஆவியாகி, அடுப்பு கொடுக்கும் சூட்டைத் தின்றுவிடுகிறது. நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்கிறதே, அதே கணக்கு. அவரிடம் எண் எதுவும் கிடையாது. "இப்ப இது தூங்கும், நாம விழிச்சிருப்போம்" என்பார். தூக்கம் கலைந்த பிறகுதான் கறிக்குள் நல்லது நடக்கும். கெட்டியான இணைப்புத் திசுவில் இருக்கும் கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாகும். 200 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நேரத்தில் ஒரு கம்பியைக் குத்தினால் தடையே இல்லாமல் இறங்கும். அவர் கம்பியைத்தான் நம்பினார். அந்தக் கம்பி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

அவர்தான் என்னை முதன்முதலில் லாக்ஹார்ட்டுக்கு அழைத்துப்போனார். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகரம் என்று மாநிலச் சட்டமன்றமே 1999-ல் அறிவித்த சின்ன ஊர். ஜெர்மானியக் கசாப்புக்காரர்கள் வந்து குடியேறி, விற்காமல் மிஞ்சிய கறியைப் புகைபோட்டுக் காகிதத்தில் மடித்து விற்ற பழக்கத்திலிருந்து வளர்ந்த சமையல் இது. பருத்தி எடுக்க வந்த கறுப்பினக் கூலிகளும் மெக்சிகோக் கூலிகளும்தான் இந்தக் கடைகளின் வாசலில் நின்று வாங்கிச் சாப்பிட்டு இதை நிலைக்க வைத்தவர்கள். இன்று வரிசையில் நிற்கிறவர்கள் அதை நினைத்துக்கொள்வது நல்லது.

அங்கே க்ரைட்ஸ் மார்க்கெட் 1900-ல் தொடங்கியது. குடும்பத்துக்குள் பாகம் பிரிந்தது. கட்டடம் சகோதரிக்கு, கடைப் பெயர் சகோதரனுக்கு. 1999 செப்டம்பரில் சகோதரன் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, பழைய அடுப்பின் கங்கை ஒரு தொட்டியில் வாரிப்போட்டு, ஊர் பார்க்கத் தெருவோடு இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பைப் பற்றவைத்தார்கள். பழைய கட்டடம் ஸ்மிட்டீஸ் மார்க்கெட் ஆனது. அங்கே உள்ளே நுழைந்து வரிசையில் நின்றால், முழங்கால் பக்கத்தில், தரையோடு தரையாக, மறைப்பு எதுவும் இல்லாமல் விறகு எரிந்துகொண்டிருக்கும். அனல் தாங்காமல் சுவரோரம் ஒதுங்கித்தான் நிற்கவேண்டும். ஒரு கடை இடம் மாறும்போது தீயைக் கையோடு எடுத்துப் போகிறார்கள் என்றால் அந்தத் தீக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு என்ன என்று புரிந்துகொள்ளலாம். இருபது வருடம் கழித்து, அக்கா மகனுக்கு அடுப்பு வாங்க யோசனை சொல்லும்போது எனக்கு அந்தக் கங்குத் தொட்டிதான் மனதில் வந்தது.

எங்கள் வீட்டுக்குள் மாட்டுக்கறி ஏறாது. ஆனால் டெக்சாஸில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவில் வெள்ளாடு அதிகம் வளர்க்கும் மாநிலம் இதுதான். மேற்கே சான் ஆஞ்சலோவில் கூடும் ஆட்டு ஏலம் நாட்டிலேயே பெரியது. பிரேடி என்ற ஊரில் ஆட்டுக்கறி பார்பிக்யூவுக்கு என்றே ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. ஆகவே பெரியவரிடம் கற்றதை நான் ஆட்டுக்கு மாற்றினேன். ஹலால் கடையில் தமிழர்கள் தெலுங்கர்கள் யார் போனாலும், சொல்வதற்கு முன்பே கடைக்காரர் கறியை மின்வாளில் கொடுத்துக் குழம்புத் துண்டாக அறுத்துவிடுவார். "வெட்டாதீங்க பாய், சப்பையை முழுசா குடுங்க" என்று அவசரமாகக் கையை நீட்டி நிறுத்தவேண்டியிருக்கும். தொடையில் கொழுப்புக் குறைவு, காய்ந்துபோகும். முன்னங்கால் சப்பையில்தான் கொழுப்பும் இணைப்புத் திசுவும் இருக்கிறது. உப்பு, மிளகு, கொஞ்சம் கொத்தமல்லித் தூள் தடவி 250 டிகிரி ஃபாரன்ஹீட் புகையில் வைத்து, நிறம் பிடித்ததும் எலும்புச் சாறு ஊற்றித் தாளில் பொதிந்து மறுபடியும் வைத்தால், மாலைக்குள் எலும்பு கையோடு வரும். பெரியவர் அதைச் சாப்பிட்டுவிட்டு, கொத்தமல்லி எதற்கு என்று மட்டும் கேட்டார். அடுத்த முறை கொத்தமல்லி இருக்கிறதா என்று கேட்டார்.

இந்தப் பழக்கத்தைத் தொடர எனக்கு இரவுகள் இல்லாமல் போயின. பிள்ளைகள் வளர்ந்தார்கள். வாரக்கடைசிக் காலையில் தமிழ்ப் பள்ளி. இரவெல்லாம் விழித்துவிட்டு, பின்னிருக்கையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்ட முடியாது. அப்படித்தான் பெல்லட் அடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது.

அந்த அடுப்பு பிறந்த கதை ஆரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் நடக்கிறது. மரம் அறுக்கும் நாடு அது; மரத்தூள் மலையாகக் குவியும். 1970-களில் எண்ணெய் விலை ஏறியபிறகு, அந்தத் தூளை இறுக்கிப் பெல்லட் என்கிற சிறு உருளைகளாக்கி வீட்டுக்குள் குளிர் காய எரிப்பது பரவியது. வீடுகளுக்குச் சூடேற்றும் கருவிகள் விற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர், அதே எரிபொருளைச் சமையலுக்குத் திருப்பினார். காஸ் அடுப்பில் வைத்த கோழி, அவர் உள்ளே போய்வருவதற்குள் கருகிப்போனதுதான் தூண்டுதல் என்று சொல்வார்கள். 1980-களின் நடுவில் காப்புரிமை பெற்றார். 2006-ல் அது காலாவதியாகும் வரை சந்தை ஏறக்குறைய அவர்கள் கையில்தான். அதற்குப் பிறகு கதவு திறந்தது. பிட் பாஸ், கேம்ப் செஃப், ரெக்டெக், கான்சாஸின் யோடர் என்று வரிசையாக வந்தார்கள். 1952-ல் உருண்டைக் கெட்டில் அடுப்பைச் செய்து அமெரிக்கக் கொல்லைப்புறத்தையே மாற்றிய வெபரும் 2020-ல் இந்த வரிசையில் சேர்ந்தது. மரத்தூளை வீணாக்காமல் எரிக்கப் பிறந்த பொருள், இன்று 400 டாலரில் தொடங்கி 4,000 டாலர் வரை போகிறது.

உள்ளே நடப்பது எளிமையானது, எனக்குப் பிடித்ததும் அந்த எளிமைதான். பக்கத்தில் ஒரு தொட்டி, அதில் பெல்லட். அடியில் ஒரு திருகுத்தண்டு, மோட்டாரில் மெதுவாகச் சுழன்று பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உள்ளங்கை அளவுள்ள ஒரு தீக்கிண்ணத்தில் கொட்டும். கிண்ணத்துக்குள் ஒரு கம்பி பழுக்கக் காய்ந்து முதல் சில நிமிடத்தில் பற்றவைத்துவிட்டு அணைந்துவிடும். ஒரு விசிறி காற்று ஊதும். தீக்கு மேலே ஒரு இரும்புத் தகடு, அதற்கு மேல் கொழுப்பை வடிக்கும் சாய்ந்த தட்டு, அதற்கும் மேல் கறி. பெரியவர் முக்கால் மணிக்கு ஒருமுறை கையால் செய்ததை, இந்தத் திருகுத்தண்டு அடிக்கடி, துளித்துளியாகச் செய்கிறது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தார், தொட்டியில் கைவிட்டுப் பெல்லட்டை எடுத்து ஒடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தீர்ப்புச் சொன்னார். "சூடு சரியா இருக்கு. புகை கூச்சப்படுது." அதைவிடச் சரியாகப் பெல்லட் அடுப்பைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

ஏன் கூச்சப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பதில் பாதி தெளிந்துவிடும். சின்னத் தீ, நிறையக் காற்று, நன்றாகக் காய்ந்த எரிபொருள். மரம் சுத்தமாக எரிகிறது. சுத்தமாக எரிந்தால் புகை குறையும். பழைய பெல்லட் அடுப்புகளில் குறைந்த சூடு, நடுச் சூடு, அதிகச் சூடு என்று மூன்றே நிலை இருந்தது. திருகுத்தண்டு நேரக் கணக்கில் ஓடும், நிற்கும். சூடு இருபது முப்பது டிகிரி ஏறி இறங்கும். ஆனால் இறங்கி ஏறும் அந்த இடைவெளியில் கிண்ணத்தில் பெல்லட் புகைந்தது, கறிக்கு மணம் சேர்ந்தது. இப்போது வரும் பிஐடி கன்ட்ரோலர்கள், சூடு எவ்வளவு விலகுகிறது, எந்த வேகத்தில் விலகுகிறது என்று விடாமல் கணக்குப் போட்டு, சில டிகிரிக்குள் கட்டிவைக்கின்றன. ரொட்டி சுடுவதற்கு அருமை. புகைக்கு இழப்பு. ஆகவே சில கம்பெனிகள் வேண்டுமென்றே சூட்டை ஆட்டிப் புகை எழுப்பும் நிலை ஒன்றைத் தனியாக வைக்கிறார்கள். அன்று குறையாக இருந்தது இன்று தனிப் பொத்தானாக விற்கிறது.

அக்கா மகன் டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கியதும் கூப்பிட்டான்.

"மாமா, பெல்லட் கிரில் ஒண்ணு வாங்கணும். பாத்துப் பாத்துத் தலை சுத்துது. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

"நீ எதையெல்லாம் பாத்து வச்சிருக்க, அதைச் சொல்லு மாப்ள."

அவன் ஒரு அட்டவணையே போட்டு வைத்திருந்தான். சமைக்கும் பரப்பு எத்தனை சதுர அங்குலம், தொட்டி எத்தனை பவுண்டு, வைஃபை உண்டா, செயலி எப்படி, கறியில் குத்தும் கம்பி எத்தனை, திரை கலரா. எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. எது நல்ல கறியைக் கொடுக்கும் என்பதற்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை. பெரியவரிடம் ஒரு எண்கூட இல்லை, அவருக்குச் சந்தேகமும் இருந்ததில்லை. எனக்கு அவன்மேல் வருத்தம் இல்லை. அவனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துத் தீயைக் காட்ட ஆள் இல்லை. கையில் இருந்ததை வைத்து அவன் தேடியிருக்கிறான்.

நான் அவனிடம் முதலில் கேட்டது, சாம்பலை எப்படி அள்ளுவாய் என்று. அவன் அட்டவணையில் அப்படி ஒரு வரிசையே இல்லை. என் அனுபவத்தில் இதுதான் முதல் கேள்வி. தீக்கிண்ணத்தில் சாம்பல் சேர்ந்தால் காற்றுத் துளை அடைபடும், தீ நடுவில் அணையும். அணைந்தது தெரியாமல் திருகுத்தண்டு பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தால் கிண்ணம் நிரம்பி வழியும். அந்த நிலையில் மறுபடி பற்றவைத்தால் குவியல் மொத்தமும் ஒரே நேரத்தில் எரியும். மூடியே தூக்கி எறியப்படும் அளவுக்குப் போகலாம். பல அடுப்புகளில் கிண்ணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பித்தட்டு, வடிதட்டு, தகடு என்று மூன்றையும் கழற்றவேண்டும், சாம்பல் உறிஞ்சும் கருவி ஒன்றும் வேண்டும். சிலவற்றில் வெளியே இருக்கும் ஒரு கைப்பிடியை இழுத்தால் சாம்பல் கீழே கோப்பையில் விழுந்துவிடும். அந்தக் கைப்பிடி கலர்த் திரையைவிடப் பத்து மடங்கு பெறும்.

அடுத்தது கொழுப்பு. வடியும் கொழுப்பு எந்த வழியாக எங்கே போகிறது என்று கடையில் மூடியைத் திறந்து, குனிந்து, கண்ணால் பார்க்கவேண்டும். சாய்வு போதாமல் தட்டில் தேங்கினால், பிறகொரு நாள் சூட்டைக் கூட்டும்போது அது பற்றிக்கொள்ளும். பெல்லட் அடுப்பில் வருகிற தீ விபத்துக்கு இது பெரிய காரணம். கொழுப்பு வாளி வெளியே, எளிதில் கழற்றும்படி இருக்கட்டும் என்றேன்.

அப்புறம் இரும்பு. விலை குறைந்த அடுப்புகளில் உடம்பு மெல்லிய தகடு. ஜனவரியில் வடக்குக் காற்று அடித்தால் சூடு நிற்காது, பெல்லட் கரைந்துகொண்டே இருக்கும். கனத்த இரும்பு சூட்டைப் பிடித்துவைக்கும், மூடியைத் திறந்து மூடினாலும் சட்டென்று மீளும். யோடர், ஹூஸ்டனில் செய்யும் பிட்ஸ் அண்ட் ஸ்பிட்ஸ் போன்றவை அந்த ரகம். விலையும் அந்த ரகம், தள்ளி நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அது முடியாதவர்கள் உடம்பு எப்படியிருந்தாலும் தீக்கிண்ணமாவது துருப்பிடிக்காத எஃகா என்று பார்த்தால் போதும். முதலில் ஓட்டை விழுவது அந்த இடம்தான்.

வைஃபை? நான் அதை எதிர்ப்பவன் இல்லை. குளிரில் வெளியே போகாமல் சூட்டைப் பார்க்க முடிவது நல்லதுதான். ஆனால் அடுப்பிலேயே குமிழைத் திருகிச் சூட்டை மாற்ற முடியாமல் எல்லாமே செயலி வழியாகத்தான் என்று இருந்தால் அதை வாங்காதே என்றேன். அந்தக் கம்பெனி நாளைக்குச் செயலியை நிறுத்தினால் வீட்டில் இருப்பது இரும்புப் பெட்டி. புகை கூடுதலாக வேண்டும் என்றால், நிஜ மரத்துண்டு போட்டு எரிக்கத் தனிப் பெட்டி வைத்த கேம்ப் செஃப் வகை ஒன்று இருக்கிறது. இல்லையென்றால் ஓட்டை போட்ட எஃகுக் குழாயில் பெல்லட்டை நிரப்பி ஒரு முனையைப் பற்றவைத்துக் கறிப் பக்கத்தில் வைத்துவிடலாம். சில மணி நேரம் புகையும். செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. கறியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த குளிரோடு வைத்து, முதல் இரண்டு மணி நேரம் 180, 200 டிகிரியில் விடவேண்டும். குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில்தான் புகை நன்றாக ஒட்டும். புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு கறியின் மயோகுளோபினோடு சேர்ந்து, விளிம்பில் அந்த ரோஜா நிற வளையம் உண்டாவதும் அந்த நேரத்தில்தான்.

"அப்போ ஸ்டேக், கோழியெல்லாம் இதுலயே நல்லா சுடலாமா மாமா?"

கோழி வரும், 325 டிகிரிக்கு மேல் வைத்தால். குறைந்த சூட்டில் வைத்த கோழிக்குத் தோல் ரப்பராகிவிடும். ஆனால் நெருப்பில் நேராகக் காட்டிக் கருக்க வேண்டிய எதற்கும் பெல்லட் அடுப்பு பொருத்தமில்லை. தீக்கும் கறிக்கும் நடுவே தகடு இருக்கிறது. பிட் பாஸ் போலச் சிலர் அந்தத் தகட்டை நகர்த்தி நேர்த்தீ காட்ட வழி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு கை அகலத்துக்குத்தான். அதற்கு ஒரு கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே மேல்.

இந்தக் கரி அடுப்பை நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 2021 பிப்ரவரி நடுவில் டெக்சாஸை உறைபனி பிடித்தது. மின்கட்டமைப்பு தாங்கவில்லை. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருட்டில் கிடந்தன. எங்கள் தெருவும் அதில் ஒன்று. மின்அடுப்பு இல்லை, தண்ணீர் இல்லை, வீட்டுக்குள் கம்பளியோடு உட்கார்ந்திருந்தோம். பெல்லட் அடுப்புக்குப் பற்றவைக்க 300 வாட் அளவிலும், பிறகு விசிறியும் திருகுத்தண்டும் ஓட 50 வாட் அளவிலும் மின்சாரம் வேண்டும். மூட்டை நிறையப் பெல்லட் இருந்தது, எரிக்க வழியில்லை. எண்பதைத் தாண்டிவிட்ட பெரியவர் தன் கொல்லைப்புறத்தில் பனியை மண்வெட்டியால் தள்ளிவிட்டு, அந்தப் புரொப்பேன் தொட்டியில் தீ மூட்டினார். தீயறையின் தலையில் இருந்த தகட்டில் கட்டைகளை எடுத்துவிட்டு எங்கள் பாத்திரங்களுக்கு இடம் கொடுத்தார். பனியை உருக்கித் தண்ணீர் வைத்தோம். என் மனைவி அதில் சோறு வடித்து, ரசம் வைத்தார். தெருவில் நாலைந்து குடும்பம் அந்தத் தகட்டைச் சுற்றி நின்று சாப்பிட்டோம். அதே வாரத்தில் ஹூஸ்டன் பக்கம் குளிர் தாங்காமல் கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் எரித்தவர்கள் கார்பன் மோனாக்சைடு தாக்கி மருத்துவமனைக்குப் போனார்கள், உயிரிழந்தவர்களும் உண்டு. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் உள்ளே எரிக்கக்கூடாது. பெல்லட் அடுப்புக்கும் இது பொருந்தும்.

பெரியவர் இப்போது இல்லை. அவருடைய அடுப்பை அவர் பேரன் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அது போகவேண்டிய இடம் அதுதான்.

பெல்லட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி யோசனைதான் சொன்னதாகும். மரத்தூளைப் பெரும் அழுத்தத்தில் துளைத் தகடு வழியாகத் தள்ளும்போது எழும் சூட்டில், மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி ஒட்டிக்கொள்கிறது. பசை தேவையில்லை. நல்ல பெல்லட்டின் மேல் பளபளப்பு இருக்கும், ஒடித்தால் சடக்கென்று ஒடியும். மூட்டையின் அடியில் தூள் நிறைய இருந்தால் வேண்டாம். ஹிக்கரி என்று மூட்டையில் பெரிதாக அச்சிட்டிருந்தாலும் உள்ளே பெரும்பங்கு ஓக் அல்லது ஆல்டராக இருக்கலாம். நூறு சதவீதம் அந்த மரமே என்று எழுதியிருக்கிறதா என்று பின்பக்கம் படிக்கவேண்டும். ஆட்டுக்கறிக்கு எனக்கு ஓக் அல்லது பீக்கன். மெஸ்கீட் காரமான புகை, ஆட்டின் மணத்தையே அமுக்கிவிடும். குளிர்காய எரிக்கும் பெல்லட் மலிவாகக் கிடைக்கும், அதில் பைன் போன்ற பிசின் மரம் இருக்கலாம், சமையலுக்கு ஆகாது. ஈரம்தான் பெல்லட்டுக்குப் பெரிய எதிரி. ஈரம் பட்டால் ஊதி மறுபடியும் மரத்தூளாகி, திருகுத்தண்டுக்குழாயில் சிமெண்டாக இறுகிவிடும். கல்ஃப் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் சமையல் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்துவிடவேண்டும். அதற்குத் தொட்டியின் அடியில் கதவு இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள்.

நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 1,000 டாலருக்கு மேல் போகத் தேவையில்லை என்பதே என் முடிவு. பிஐடி கன்ட்ரோலர், வெளியிலிருந்து இழுக்கும் சாம்பல் கைப்பிடி, துருப்பிடிக்காத எஃகுத் தீக்கிண்ணம், வெளியே கொழுப்பு வாளி, தொட்டியைக் காலிசெய்யும் கதவு. இவை இருந்தால் பெயர்ப்பலகை எதுவானாலும் சரி. அக்கா மகன் அப்படி ஒன்றை, திரையில்லாத, குமிழ் வைத்த ஒன்றை வாங்கினான். மிச்சப் பணத்தில், பெல்லட்டை ஈரம் படாமல் வைக்க இறுக்கமாக மூடும் இரண்டு வாளியும், உடனே காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கச் சொன்னேன். அடுப்போடு வரும் கம்பியை மட்டும் நம்பிக் கறி எடுக்காதீர்கள். ஆட்டுச் சப்பை 200 டிகிரிப் பக்கம் வந்தால்தான் இளகும். கோழியோ மிகக் கெட்டியான இடத்தில் 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ், தொட்ட பிறகே தட்டுக்கு வரவேண்டும்.